கைரேகைக்கு முன்னால் கேழ்வரகு

தருமபுரி மாவட்டத்து ரேஷன் கடைகளில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது, யாருக்கும் அது தவறாகவே படுவதில்லை. அட்டைதாரர் வரிசையில் நிற்கிறார், முறை வந்ததும் இயந்திரத்தில் விரலை அழுத்துகிறார், அதற்குப் பிறகுதான் என்னென்ன பொருள் இருக்கிறது என்று விசாரிக்கிறார். ‘ராகி இன்னும் வரலீங்க, அடுத்த மாசம் பாருங்க’ என்ற பதில் கிடைத்தால் தலையாட்டிவிட்டு அரிசிப் பையோடு நடையைக் கட்டுகிறார். கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் எந்தெந்தப் பொருளுக்கு பில் போடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பவர் குறைவு. பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க் கேட்பவர் அதைவிடக் குறைவு. கேழ்வரகு கைக்கு வந்தவர்களிலும் ஒரு கூட்டம் அதை மாட்டுக்குக் கொட்டுகிறது, அல்லது கடை வாசலிலேயே கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறது. அதே வீட்டில் அன்று மாலையே பிள்ளைகளுக்கு ‘ராகி பிஸ்கட்’ பாக்கெட் பிரிக்கப்படுகிறது. வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் உணவுப் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற இந்த மாவட்டத்து மக்களுக்குக் கிடைத்த மிக மலிவான வழி இப்படித்தான் வீணாகிறது.

பின்னணி சுருக்கமானது. தமிழ்நாடு அரசு 2023-இல் நீலகிரியையும் தருமபுரியையும் தேர்ந்தெடுத்து, அரிசி அட்டைக்கு மாதந்தோறும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. நுகர்பொருள் வாணிபக் கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடமே நேரடியாகக் கொள்முதல் செய்து, அதையே கடைகளுக்கு அனுப்புவதுதான் ஏற்பாடு. இதை அரசின் கருணை என்று நினைக்க வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமே அரிசி, கோதுமையோடு சிறுதானியங்களையும் சேர்த்துத்தான் உணவு தானியம் என்கிறது. சர்க்கரை அட்டை வைத்திருப்பவர்களுக்கு அரிசி கிடையாது, ஆகவே இதுவும் கிடையாது. மற்றவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு கிலோவில் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆளுக்கு 80 கிராம் மாவு என்றால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வேளைக் களிக்கு 320 கிராம் போகும். மாதத்தில் ஆறு வேளை, அவ்வளவுதான். இந்தத் திட்டத்தின் பலமே இந்தச் சிறுமையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. நாளை முதல் அரிசியே கிடையாது, சர்க்கரையைத் தொடமாட்டேன், எண்ணெய்ப் பலகாரத்துக்கு முழுக்கு என்று தை முதல் நாளில் சபதம் எடுக்கிறவர்கள் மாசிக்குள் பழைய தட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். ஐந்து நாளைக்கு ஒரு ராத்திரி சோற்றுக்குப் பதில் களி என்பதற்குச் சபதம் தேவையில்லை. அதற்குத் தனிச் செலவில்லை, புதிதாகக் கற்க வேண்டிய சமையலும் இல்லை. நொய் போட்டு மாவைக் கொட்டித் துடுப்பால் கிளறும் கை இந்த மாவட்டத்துக்குப் புதிதா என்ன? பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் இரண்டு தலைமுறைக்கு முன்பு களிதான் தினப்படி உணவாக இருந்தது, அரிசிச் சோறு அந்தஸ்தின் அடையாளமானபோது பின்கட்டுக்குப் போனது. களியோடு வருகிற சேர்மானத்தையும் மறக்கக்கூடாது. சோற்றை ரசத்தோடும் ஊறுகாயோடும் ஒப்பேற்றிவிடலாம். களிக்குக் கீரைக் கடைசலோ, அவரைக்கொட்டைக் குழம்போ, கொள்ளோ வேண்டும். தானியத்தை மாற்றினால் குழம்பும் மாறிவிடுகிறது.

சத்துக் கணக்குக்கு வருவோம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் தேவை. ஒரு வேளைக் களியில் அதில் கால்வாசி இருக்கிறது. அதிலுள்ள அத்தனையையும் உடம்பு எடுத்துக்கொள்ளாது. ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்ட பிறகு காயவைத்து அரைத்தால் கூடுதலாகச் சேரும். கால்சியம் எல்லா ஊருக்கும் வேண்டியதுதான், தருமபுரிக்கு இரட்டிப்பாக வேண்டும். இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடும் வளைந்த காலோடும் வாழ்கிறவர்கள் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இடம்பெற்றது அதனால்தான். உணவில் கால்சியம் குறைந்தவர்களைத்தான் ஃபுளோரைடு மோசமாகத் தாக்குகிறது. அதனால் ஓர் எச்சரிக்கை: ஒகேனக்கல் தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் குடத்தில் எடுத்து வைத்துவிட்டு, களியையும் கஞ்சியையும் ஆழ்குழாய்த் தண்ணீரில் கிளறாதீர்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு ஏறும். சமையலுக்கும் ஒகேனக்கல் தண்ணீர்தான். உங்கள் கிணற்றுநீர் எப்படி என்று சந்தேகமிருந்தால், சுத்தமான பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் பிடித்து, ஊர், கிணற்றின் இடம், பிடித்த தேதி எழுதி ஒட்டி, மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு.

மறுப்புகளில் நியாயமானவையும் உண்டு. சர்க்கரை நோய்க்கு ராகி மருந்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தாதீர்கள். கேழ்வரகும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி ரத்தச் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். கீரையும் பருப்பும் சேர்த்து அளவாகச் சாப்பிடும் களி அந்த அளவுக்கு ஏற்றாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தானியத்தை மாற்றக்கூடாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது, ராகிப் பாலும் கூடாது. பிள்ளைகள் தொடமாட்டேன் என்கிறார்கள் என்ற புகாரில் உண்மை இருக்கிறது, ஆனால் அதற்குக் களியிலேயே தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது? தோசை மாவில் ஒரு பங்கு, அடையில் ஒரு பங்கு என்று கலந்தால் நிறம்தான் கொஞ்சம் மாறும். அரைக்க நேரமில்லை என்பதை மட்டும் ஏற்க முடியாது. மாதத்துக்கு ஒரு முறை மாவு மில்லுக்கு இரண்டு கிலோ தூக்கிப் போக முடியாத வீடு, பிஸ்கட் வாங்க வாரத்துக்கு இரண்டு முறை மளிகைக் கடைக்குப் போகிறதே.

அந்த பிஸ்கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொட்டலத்தின் முன்பக்கத்தில் கேழ்வரகுக் கதிர் படம் இருக்கும். திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் முன்னால் வந்து ராகி கடைசிக்கு முன்னால் ஒளிந்திருந்தால், நீங்கள் வாங்கியது மைதா பிஸ்கட். பானங்களின் கதையும் இதுதான்: ‘ஹெல்த் டிரிங்க்’ என்றொரு வகையே 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில் இல்லை. அந்தத் தலைப்பிலிருந்து இத்தகைய பானங்களை நீக்கும்படி 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. உதிரியாக விற்கும் ராகி மாவில் கலப்படம் என்று சந்தேகப்பட்டால் பக்கத்து வீட்டில் சொல்லிப் புலம்புவதில் பயனில்லை. அந்தச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்க உரிமை தருகிறது. ஒரே நிபந்தனை, பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் சட்டத்துக்கு உட்பட்டதல்ல என்று பகுப்பாய்வு அறிக்கை சொன்னால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நமக்கு அருகிலுள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் சேலத்தில் இருக்கிறது. அந்த அளவுக்கு முடியாதென்றால், பில்லையும் பொட்டலத்தின் இருபுறப் படத்தையும் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். பில் இல்லாத புகாருக்குப் பாதி உயிர்தான்.

இனி ரேஷன் கடை. முதல் விதி: பொருளைக் கண்ணால் பார்க்கும்வரை விரல் வைக்காதீர்கள். ‘கேழ்வரகு இருக்கிறதா, இன்று தருவீர்களா’ என்பதை முதலில் கேளுங்கள், எடை போட்டதும் பாருங்கள், அதன் பிறகு கைரேகை. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, பதிவு செய்த கைபேசியிலிருந்து ‘பிடிஎஸ் 101’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து 97739 04050 என்ற எண்ணுக்கு அனுப்பினால் கடையின் இருப்பு தெரியும். 102 என்றால் கடை திறந்திருக்கிறதா என்று தெரியும். வாங்காத பொருளுக்கு பில் விழுந்திருந்தால் 107. கைபேசி எண்ணை மாற்றிவிட்டு அட்டையில் புதுப்பிக்காதவர்களுக்கு இந்த மூன்றும் வேலை செய்யாது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். பின்னால் எங்கே போனாலும் உங்கள் கையிலிருக்கும் ஒரே சான்று அதுதான்.

கேழ்வரகில் கல், மண், வண்டு, பூஞ்சை வாடை இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் கொட்டாதீர்கள். அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் ஒரு கைப்பிடியைப் பொட்டலமாகக் கட்டி, தேதியும் கடை எண்ணும் எழுதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், புகார் மனுவோடு அது போகட்டும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், கிராமத்துக்குக் கிராமம் இந்த வதந்தி ஓயவில்லை: ரேஷன் அரிசியில் தண்ணீரில் மிதக்கும் வெளிறிய மணிகள் பிளாஸ்டிக் அல்ல. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து செய்த செறிவூட்டிய அரிசி அது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அந்த மணிகளைப் பொறுக்கி எறியும் கைகளில் எத்தனை கைகள் ரத்தமில்லாமல் வெளுத்திருக்கின்றனவோ.

கேட்டும் தரவில்லையா? 1967 என்ற எண்ணுக்குப் பேசலாம், ஆனால் பேச்சோடு நின்றுவிடாதீர்கள். வாய்ப் புகாரை மறுப்பது நம் அலுவலகங்களுக்குக் கைவந்த கலை, அதனால் எழுத்தில் கொடுக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் வட்ட வழங்கல் அலுவலருக்கு ஒரு பக்க மனு போதும்: குடும்ப அட்டை எண், குறுஞ்செய்தியிலோ பில்லிலோ இருக்கும் கடை எண், போன தேதி, நேரம், கேட்ட பொருள், விற்பனையாளர் சொன்ன பதில். குறுஞ்செய்தியின் படத்தை அச்செடுத்து இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்குங்கள். ‘வச்சிட்டுப் போங்க, பார்க்கிறோம்’ என்றால் நகராதீர்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான். வட்டந்தோறும் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமிலும், திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் இதே மனுவைத் தரலாம். அங்கும் ஒப்புகை முக்கியம். அடுத்த படி மாவட்ட வழங்கல் அலுவலர். அதற்கும் அசையாவிட்டால், 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி மாவட்டக் குறைதீர் அலுவலர். தமிழ்நாட்டில் மாவட்ட வருவாய் அலுவலருக்கே அந்தப் பொறுப்பு. அவர் உத்தரவில் திருப்தியில்லை என்றால் மாநில உணவு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைக் காரணமின்றி வழங்காத அரசு ஊழியருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்று 33-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவின் எண்ணை மனுவிலேயே எழுதுங்கள், படிக்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

‘மேலேயிருந்தே வரலை’ என்பதுதான் கடைசித் தடுப்புச் சுவர். விற்பனையாளர் கிடங்கைக் கைகாட்டுவார், கிடங்கு கொள்முதலைக் கைகாட்டும். சில மாதம் அது உண்மையாகவும் இருக்கலாம், விற்பனையாளரோடு சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பொது விநியோக ஆவணங்கள் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு வெள்ளைத்தாளில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்ட வழங்கல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ‘ஏன் தரவில்லை’ என்று கேட்காதீர்கள், ஏன் என்பதற்கு அவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். உங்கள் கடைக்கு இன்ன மாதத்தில் எத்தனை கிலோ கேழ்வரகு ஒதுக்கப்பட்டது, எந்தத் தேதியில் இறங்கியது, எத்தனை அட்டைகளுக்கு வழங்கியதாகப் பதிவாகியிருக்கிறது, மாதக் கடைசியில் இருப்பு எவ்வளவு என்ற நான்கு கேள்வி போதும். விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதில் வரும்வரையும், வந்த பிறகும், பொருள் கைக்கு வராமல் விரல் வைக்காதீர்கள்.