கீழே இறங்கிய அணி மேலே ஏறியது

ஞாயிற்றுக்கிழமை மாலையில் கராடியைச் சுற்றிப் பாருங்கள். கட்டிட வேலை நடக்கும் இடங்களுக்கு நடுவே எங்காவது ஒரு காலி மனை இருக்கும். அங்கே பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். நான்கு செங்கல்லை வைத்தால் போதும், இரண்டு கோல் தயார். மராத்தி பேசும் பிள்ளை, இந்தி பேசும் பிள்ளை, நம் தமிழ்ப் பிள்ளை எல்லோரும் அதில் இருப்பார்கள். பந்துக்குப் பாஷை கிடையாது.

நம் கற்போர் மையத்தில் ஒரு அக்கா கேட்டார்: "தம்பி, என் மகன் எந்நேரமும் பந்து பந்து என்று அலைகிறான். போன வாரம் அவன் அணி தோற்றுவிட்டது. இனிமேல் விளையாடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். ஒரு முறை தோற்றால் அவ்வளவுதானா?"

நல்ல கேள்வி. இதற்குப் பதிலாக ஓர் உண்மைக் கதை இருக்கிறது. அது ஐஸ்வால் கால்பந்து அணியின் கதை.

ஐஸ்வால் எங்கே இருக்கிறது?

நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் மிசோரம் என்ற சின்ன மாநிலம் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் வங்காள தேசம், இன்னொரு பக்கம் மியான்மார். 1987 ஆம் ஆண்டு அது தனி மாநிலம் ஆனது. அதன் தலைநகரம் ஐஸ்வால்.

ஐஸ்வால் ஒரு மலை நகரம். அங்கே வீடுகள் மலைச் சரிவில் படிப்படியாக இருக்கும். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்த நகரத்தில் சுமார் 3 லட்சம் மக்கள் இருந்தார்கள். அதே கணக்கெடுப்பில் நம் புனே நகரத்தில் 31 லட்சம் மக்கள். மிசோரம் மாநிலம் முழுவதையும் சேர்த்தாலும் சுமார் 11 லட்சம்தான். புனே நகரத்தில் பாதிகூட இல்லை.

மலை ஊரில் சமமான தரை கிடைப்பது கஷ்டம். ஒரு மைதானம் வேண்டுமென்றால் மலையை வெட்டிச் சமப்படுத்த வேண்டும். அப்படியும் அந்த மக்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். 2012 ஆம் ஆண்டு மிசோரம் தனக்கென ஒரு லீக் போட்டியைத் தொடங்கியது. 2014 ஆம் ஆண்டு மாநிலங்களுக்கு இடையே நடக்கும் சந்தோஷ் டிராபியை மிசோரம் வென்றது.

லீக் என்றால் என்ன?

கதைக்குள் போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். சில போட்டிகளில் ஒரு முறை தோற்றால் வெளியே போக வேண்டும். லீக் அப்படி இல்லை. லீக்கில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் விளையாடும். பெரும்பாலும் சொந்த ஊரில் ஒரு முறை, எதிர் அணியின் ஊரில் ஒரு முறை.

வெற்றி பெற்றால் 3 புள்ளி. சமமாக முடிந்தால் ஆளுக்கு 1 புள்ளி. இதை டிரா என்பார்கள். தோற்றால் புள்ளி இல்லை. எல்லா ஆட்டமும் முடிந்த பிறகு யாருக்கு அதிகப் புள்ளியோ அவர்தான் சாம்பியன்.

லீக்கில் மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு என்று உண்டு. கீழ்ப் பிரிவில் முதலில் வரும் அணி மேலே ஏறும். மேல் பிரிவில் கடைசியில் வரும் அணி கீழே இறங்கும். இது பள்ளியில் வகுப்பு ஏறுவது போல. சின்ன ஊர் அணி ஒன்று பெரிய ஊர் அணிகளோடு விளையாட இந்த ஏணிதான் வழி.

ஏறியது, இறங்கியது

ஐஸ்வால் கால்பந்து கிளப் 1984 ஆம் ஆண்டு தொடங்கியது. பல ஆண்டுகள் உள்ளூர் அளவில் விளையாடியது. 2015 ஆம் ஆண்டு நாட்டின் இரண்டாம் பிரிவு லீக்கில் முதலிடம் பெற்றது. அதனால் ஐ-லீக் என்ற தேசிய லீக்குக்கு ஏறியது. மிசோரமிலிருந்து ஓர் அணி ஐ-லீக்கில் விளையாடுவது அதுவே முதல் முறை.

அந்த ஆண்டு ஐ-லீக்கில் 9 அணிகள். ஐஸ்வால் 8 ஆம் இடத்தில் முடித்தது. கடைசி இடம் யாருக்குத் தெரியுமா? நம் புனே அணிக்கு! டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் என்பது அதன் பெயர். பாலேவாடி மைதானத்தில் அது விளையாடியது.

அப்படியானால் புனே அணிதானே கீழே இறங்க வேண்டும்? இல்லை. புனே அணி கீழ்ப் பிரிவில் விளையாடி ஏறி வந்த அணி அல்ல. கம்பெனி அணி என்ற முறையில் அது நேரடியாகச் சேர்க்கப்பட்டது. அப்படிச் சேர்ந்த அணியைக் கீழே இறக்கக் கூடாது என்பது அன்றைய விதி. எனவே அதற்கு மேலே இருந்த ஐஸ்வால் கீழே இறக்கப்பட்டது.

ஏணியில் ஏறி வந்தவர் கீழே. நேராக வந்தவர் மேலே. இது எப்படி இருக்கிறது? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் ஐஸ்வால் வீரர்கள் விளையாட்டை விடவில்லை. அதே 2016 ஆம் ஆண்டு ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனார்கள். அங்கே கொல்கத்தாவின் மோகன் பகான் அணியிடம் 5-0 என்று தோற்றார்கள். பெரிய தோல்விதான். ஆனால் பெரிய அணிகளோடு நாமும் நிற்க முடியும் என்று நாட்டுக்குக் காட்டிவிட்டார்கள்.

இன்னொரு வாய்ப்பு

நாட்டின் லீக் அமைப்பை மாற்றும் திட்டம் ஒன்று அப்போது வந்தது. அதை எதிர்த்துக் கோவாவின் கிளப்புகள் ஐ-லீக்கை விட்டு விலகின. இடம் காலியானது. தங்களை மீண்டும் சேர்க்கும்படி ஐஸ்வால் கிளப் கேட்டது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஒப்புக்கொண்டது.

வாய்ப்பு வந்துவிட்டது. பணம்? அது குறைவுதான். பெரிய கிளப்புகள் கோடிக்கணக்கில் செலவு செய்யும். ஐஸ்வாலுக்கு அந்த வசதி இல்லை.

அவர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்களை வைத்தே அணியைக் கட்டினார்கள். காலித் ஜமீல் என்பவரைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். அவர் மும்பை எஃப்.சி. அணிக்கு 7 ஆண்டுகள் பயிற்சி கொடுத்தவர். 2016 ஆம் ஆண்டு அந்த வேலை அவருக்குப் போய்விட்டது. வேலை இழந்த பயிற்சியாளரும் இடம் இழந்த அணியும் ஒன்று சேர்ந்தார்கள்.

மும்பையிலிருந்து ஜயேஷ் ராணே, ஆஷுதோஷ் மேத்தா வந்தார்கள். கோவாவிலிருந்து கோல் கீப்பர் ஆல்பினோ கோமஸ் வந்தார். சிரியா நாட்டிலிருந்து மஹ்மூத் அல் அம்னா, லைபீரியா நாட்டிலிருந்து ஆல்ஃபிரட் ஜார்யன் வந்தார்கள். பல ஊர்க்காரர்கள், பல பாஷைக்காரர்கள். ஆனால் ஒரே அணி. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இது புரியும்.

அந்த இரண்டு ஆட்டங்கள்

2016-17 ஐ-லீக்கில் 10 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 18 ஆட்டங்கள். ஐஸ்வால் வெற்றி மேல் வெற்றி பெற்றது. கடைசியில் போட்டி இரண்டு பேருக்குள் வந்து நின்றது. ஒரு பக்கம் ஐஸ்வால். மறு பக்கம் மோகன் பகான். மோகன் பகான் 1889 ஆம் ஆண்டு தொடங்கிய கிளப். ஐஸ்வால் கிளப்பைவிட 95 வயது மூத்தது.

2017 ஏப்ரல் 22 அன்று இரண்டு அணிகளும் ஐஸ்வாலில் மோதின. ஆட்டம் மொத்தம் 90 நிமிடம். 80 நிமிடம் ஆகியும் கோல் இல்லை. 83 ஆவது நிமிடத்தில் சோமிங்லியானா ரால்தே தலையால் முட்டிக் கோல் போட்டார். 1-0. ஐஸ்வால் வென்றது.

இன்னும் ஒரே ஓர் ஆட்டம். ஏப்ரல் 30 அன்று மேகாலயாவின் ஷில்லாங் நகரில் நடந்தது. எதிர் அணி ஷில்லாங் லஜோங். ஐஸ்வாலுக்கு ஒரு டிரா போதும். ரசிகர்கள் பலர் மலைச் சாலையில் நெடுந்தூரம் பயணம் செய்து ஷில்லாங் வந்தார்கள்.

9 ஆவது நிமிடத்திலேயே ஷில்லாங் அணி கோல் போட்டுவிட்டது. அதே நேரம் கொல்கத்தாவில் மோகன் பகானும் விளையாடிக்கொண்டிருந்தது. எதிர் அணி நம் சென்னை சிட்டி. கையில் இருந்த கோப்பை நழுவிவிடுமோ என்ற பயம் வந்தது.

ஐஸ்வால் வீரர்கள் பதற்றப்படவில்லை. 67 ஆவது நிமிடத்தில் வில்லியம் லால்நுன்ஃபெலா கோல் போட்டார். 1-1. அப்படியே ஆட்டம் முடிந்தது.

கணக்குப் பாருங்கள். ஐஸ்வால் பெற்ற வெற்றி 11. டிரா 4. தோல்வி 3. வெற்றிக்கு 33 புள்ளி. டிராவுக்கு 4 புள்ளி. மொத்தம் 37. மோகன் பகானுக்கு 36. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்!

முந்தைய ஆண்டு கீழே இறக்கப்பட்ட அணி இந்த ஆண்டு நாட்டின் சாம்பியன். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ஓர் அணி தேசிய லீக்கை வென்றது அதுவே முதல் முறை.

அதன் பிறகு என்ன ஆனது?

கதை இங்கே முடியவில்லை. முழு உண்மையையும் சொல்ல வேண்டும்.

அப்போது நாட்டில் இன்னொரு லீக்கும் இருந்தது. அது இந்தியன் சூப்பர் லீக். பணமும் விளம்பரமும் அங்கேதான் அதிகம். சாம்பியன் ஆன ஐஸ்வால் தன்னையும் அங்கே சேர்க்கச் சொன்னது. சேர்க்கவில்லை. அந்த லீக்கில் சேர ஏணி கிடையாது. பெரும் பணம் கட்டித்தான் சேர வேண்டும். பயிற்சியாளர் காலித் ஜமீல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போய்விட்டார். நல்ல வீரர்கள் பலரும் வேறு அணிகளுக்குப் போனார்கள். சின்ன ஊர் கிளப் வெற்றி பெற்றால் அதன் ஆட்களைப் பெரிய கிளப்புகள் அழைத்துக்கொள்ளும். இது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

2023 ஆம் ஆண்டுதான் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. ஐ-லீக்கில் முதலில் வந்த பஞ்சாப் அணி சூப்பர் லீக்குக்கு ஏறியது. ஐஸ்வால் 6 ஆண்டுக்கு முன்பே வென்றது. ஆனால் அன்று ஏணி இல்லை.

காலித் ஜமீல் என்ன ஆனார்? 2025 ஆகஸ்டில் அவர் இந்திய அணிக்கே தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.

நம் தமிழ்நாட்டிலும்

ஷில்லாங் ஆட்ட நாளில் கொல்கத்தாவில் தோற்ற சென்னை சிட்டி அணிக்கு அதுதான் முதல் ஐ-லீக். பிறகு அந்த அணி கோயம்புத்தூரில் விளையாடத் தொடங்கியது. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் அதன் கடைசி ஆட்டம். எதிர் அணி முதலில் கோல் போட்டது. ஆனாலும் சென்னை சிட்டி 3-1 என்று வென்று சாம்பியன் ஆனது. அதற்கு 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. இங்கேயும் ஒரு புள்ளிதான்!

வெளிநாட்டிலும் இப்படி உண்டு. ஸ்பெயின் நாட்டில் மன்ரேசா என்று ஒரு சின்ன நகரம். ஒரு லட்சம் மக்கள்கூட இல்லை. 1998 ஆம் ஆண்டு அந்த ஊர் கூடைப்பந்து அணி நாட்டின் மேல் லீக்கையே வென்றது. ரியல் மாட்ரிட் என்ற பெரிய அணியும் அதனிடம் தோற்றது.

மிசோரம் வென்ற இன்னொரு போட்டி

கடைசியாக ஒரு செய்தி. 2025 மே 20 அன்று மிசோரம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100 பேரில் 98 பேர். பள்ளிக்குப் போகாத பெரியவர்களைத் தேடிப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். நம்மைப் போன்றவர்கள்தான் அந்தப் பெரியவர்கள்.

சின்ன வயதில் பள்ளி இல்லை என்று நாமும் ஒரு முறை கீழே இறக்கப்பட்டவர்கள்தான். தப்பு நம்முடையது அல்ல. இப்போது ஏணி வந்திருக்கிறது. நாம் ஏறிக்கொண்டிருக்கிறோம்.

அந்த அக்கா இதை முழுதும் கேட்டார். "இதை என் மகனுக்கு நானே படித்துக் காட்டுகிறேன்" என்று சொல்லிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

சேர்ந்து பேசுவோம்

1. ஐஸ்வால் அணி 8 ஆம் இடத்தில் இருந்தும் ஏன் கீழே இறக்கப்பட்டது? அது சரியா?

2. ஓர் அணிக்கு 5 வெற்றி, 2 டிரா, 3 தோல்வி. மொத்தம் எத்தனை புள்ளி?

3. உங்கள் பகுதியில் பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறதா? இல்லை என்றால் யாரிடம் மனுக் கொடுக்கலாம்? அந்த மனுவை நீங்களே எழுதிப் பாருங்கள்.