மடலின் நுனிவரை குருதி

2009இல் இலங்கைப் போர் ஓய்ந்தபோது, எறிகணைச் சிதறல்களால் முள்ளந்தண்டு வடம் சிதைந்த பலர் வவுனியா பம்பைமடு ஆயுர்வேத வைத்தியசாலையில் கிடத்தப்பட்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஒரே இடம் மணிக்கணக்காக அழுந்தினாலும் வலிக்காது. வலிக்காததால் புரண்டு படுக்கவும் தோன்றாது. அழுந்திய சதைக்குக் குருதி எட்டாமல் போகிறது. படுக்கைப்புண் அப்படித்தான் எலும்புவரை இறங்குகிறது. மாங்குளத்தில் 'உயிரிழை' அமைப்பில் கூடும் சில்லுக்கதிரைக்காரர்களுக்கு இது இன்றும் அன்றாடக் கவலை.

ஆழமான குழியை மருந்துக்கட்டு மட்டும் மூடிவிடாது. பக்கத்துத் தோலையும் சதையையும் ஒருபுறம் உடலோடு ஒட்டியிருக்கவே கிளப்பி, புண்மேல் திருப்பி வைத்துத் தைக்கிறார்கள். இதுவே தோல்மடல். மடல் சாவதென்றால் பெரும்பாலும் நுனியிலிருந்துதான் சாகும். வேர்ப்பக்கக் குருதி அவ்வளவு தூரம் போய்ச் சேருவதில்லை.

கனடாவின் சத்திரசிகிச்சை நிபுணர் மெக்பார்லேன் 1965இல் எலியின் முதுகில் நீள மடல்களைக் கிளப்பி, நுனியில் எவ்வளவு கருகுகிறதென்று அளந்தார். இன்றும் புதிய மருந்துகளை அந்த முறையில்தான் பலர் சோதிக்கிறார்கள். அகலத்தைக் கூட்டினால் நீளமும் கூடத் தாங்கும் என்பது அக்காலப் பாடம். ஒக்ஸ்போர்ட்டின் மில்டன் 1970இல் பன்றிகளில் அதைப் பொய்யாக்கினார்: மடலுக்குள் எந்தக் குருதிக்குழாய் ஓடுகிறது என்பதே முக்கியம். எலித்தோலைவிடப் பன்றித்தோல் மனிதத் தோலுக்கு நெருக்கமானது. எலியில் பலித்த மருந்துகள் பல மனிதரிடம் அவ்வளவாகப் பலிக்கவில்லை.

நுனியைக் காக்கும் நம்பகமான வழி மிகப் பழையது. மடலின் இரு பக்கங்களை மட்டும் வெட்டி, ஒன்றிரண்டு வாரம் விட்டுவைப்பார்கள். பட்டினி கிடக்கும் தோலில், அயல் குருதியோட்ட வட்டாரங்களை இணைக்கும் ஒடுங்கிய குழாய்கள் விரிந்துகொடுக்கும். அதன்பின் முழுதாகக் கிளப்பினால் நுனி தப்பும். மெல்பேணின் இயன் டெய்லர் 1987இல் உடலெங்கும் இந்த வட்டாரங்களை வரைபடமாக்கினார்.

வார்டில் இரவிரவாக மடலைப் பார்ப்பது தாதியர். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு மூன்று விநாடியில் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தே கிடந்தால் நாடி அடைபட்டிருக்கலாம். நீலம்பாரித்துச் சட்டென்று நிறம் திரும்பினால் நாளம். எங்கள் கருந்தோலில் நிறம் பிடிபடுவது கடினம். சந்தேகமென்றால் ஊசிமுனையால் குத்திப் பார்ப்பார்கள்: பளிச்சென்ற சிவப்புச் சொட்டு நல்லது, கருங்குருதி விரைந்து கசிந்தால் வைத்தியரை உடனே அழைக்க வேண்டும்.

சிகரெட்டை முன்கூட்டியே விட்டாக வேண்டும்; நிக்கொட்டின் அந்த நுண்குழாய்களை இறுக்கும். தையல் ஆறினாலும் சில வாரங்கள் அந்தப் பக்கம் உட்காரக் கூடாது. பிறகு கால்மணி நேரமாகத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே நேரத்தைக் கூட்டலாம். அதற்கு நல்ல மெத்தையும், காலை மாலை கண்ணாடி பிடித்துப் பார்க்க வீட்டில் ஓர் ஆளும் வேண்டும்.