வெளிறிய துணிக்கு வீட்டிலேயே சாயமேற்றுதல்

நூலின் வலிமை குன்றுமுன்பே துணியின் நிறம் மங்கிவிடுவதை நாம் அன்றாடம் காண்கிறோம். இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடிய ஆடை நிறம் மங்கிய ஒரே காரணத்தால் ஒதுக்கப்படுவது வீண் செலவாகும். அத்தகைய துணிகளுக்கு வீட்டிலேயே சாயமேற்றலாம். வேதியியல் உண்மைகள் சில இதில் அடங்கியிருத்தலின், ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இதனைச் செய்து காட்டுதல் பயன் தரும்.

டெனிம் வெளிறுவதன் காரணம்

டெனிம் சாய்வரியாக நெய்யப்பட்ட பருத்தித் துணியாகும். இதன் பாவு நூல் அவுரி நீலத்தில் தோய்க்கப்பட்டது. ஊடு நூல் பெரும்பாலும் வெண்மையானது. அவுரி நீலம் நீரில் கரைவதில்லை. அதனை ஒடுக்கமடையச் செய்து, காரநீரில் கரைத்து, அக்கரைசலில் நூலைத் தோய்த்தெடுப்பர். காற்றுப் பட்டதும் அது மீண்டும் கரையாத நீலமாக மாறி நூலின் மேற்புறத்தில் படிகிறது. நூலின் உட்பகுதி வெண்மையாகவே இருந்துவிடுகிறது. ஆகவே முழங்கால், மடிப்பு, பையின் விளிம்பு போன்ற உராயும் இடங்களில் மேற்படிவு தேய்ந்து வெண்மை வெளிப்படுகின்றது.

இழையை அறிதல்

எல்லாச் சாயமும் எல்லா இழையிலும் பற்றுவதில்லை. துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை எடுத்து எரித்துப் பார்த்தால் அதன் இனம் ஒருவாறு விளங்கும். பருத்தி காகிதம்போல் எரிந்து மென்மையான சாம்பலைத் தரும். பட்டும் கம்பளியும் மயிர் கருகும் நாற்றம் வீசும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். இச்சோதனையை நீர்ப் பாத்திரத்தின் அருகில் இடுக்கியால் பிடித்துச் செய்தல் வேண்டும்.

பருத்திக்கு ஏற்றவை வினைபுரி சாயங்கள். 1954-இல் இங்கிலாந்தில் ராட்டி, ஸ்டீபன் என்னும் வேதியியலார் இவற்றைக் கண்டறிந்தனர். 1956-இல் இவை விற்பனைக்கு வந்தன. இச்சாயம் காரத்தின் முன்னிலையில் பருத்தியின் செல்லுலோசுடன் வேதிமுறையில் பிணைகின்றது; எனவே சலவையில் எளிதில் நீங்குவதில்லை. பட்டுக்கும் கம்பளிக்கும் அமிலச் சாயம் உரியது. பாலியெஸ்டருக்கு மிகுந்த வெப்பமும் அழுத்தமும் தேவைப்படுவதால், அதனை ஆலைக்கு விட்டுவிடுதலே நன்று.

செய்முறை

குளிர்நீரில் பற்றும் வகையைச் சேர்ந்த வினைபுரி சாயத்தைக் கேட்டு வாங்குக. அரைக் கிலோ துணிக்கு 10 லிட்டர் நீர், 10 முதல் 20 கிராம் வரை சாயம், 500 கிராம் உப்பு, 100 கிராம் சோடா சாம்பல் ஆகியவை வேண்டும். படிகமான சலவைச் சோடாவில் நீர் கலந்திருப்பதால் அதனை ஏறத்தாழ 270 கிராம் எடுத்துக்கொள்க.

துணியைச் சவர்க்காரமிட்டுத் துவைத்துக் கஞ்சியையும் எண்ணெய்ப் பசையையும் நீக்கி, ஈரமாகவே வைத்துக்கொள்க. சாயத்தைச் சிறிது நீரில் குழைத்து, பிளாஸ்டிக் வாளியிலுள்ள நீரில் கலக்குக. அலுமினியப் பாத்திரம் காரத்தால் அரிக்கப்படுமாதலின் ஆகாது. துணியை இட்டு, உப்பை மூன்று பங்காக்கிப் பத்து நிமிடத்திற்கு ஒரு பங்காகச் சேர்த்து, ஓயாமல் புரட்டுக. உப்பு சாயத்தை நூலை நோக்கிச் செலுத்துகிறது. பின்னர்ச் சோடாவைத் தனியே கரைத்து, துணியை வெளியே எடுத்துவிட்டு ஊற்றிக் கலக்கி, மீண்டும் துணியை இட்டு ஒரு மணி நேரம் அவ்வப்போது புரட்டுக. இறுதியில் தண்ணீரிலும், பிறகு சவர்க்காரம் கலந்த வெந்நீரிலும், நிறம் கசியாத வரை அலசுக. சோடா சேர்ந்தபின் சாயம் நீருடனும் வினைபுரிவதால், எஞ்சிய கரைசலை மறுநாளைக்கு வைத்தல் பயனற்றது.

விளைவு முற்றிலும் புதிய துணிபோல் இராது. வெளிறிய இடம் சற்று இளநிறமாகவே தோன்றும். வெண்ணிற ஊடு நூலும் சாயம் ஏற்கும். பாலியெஸ்டர் நூலால் இட்ட தையல் பழைய நிறத்திலேயே நிற்கும். துணியிலுள்ள நிறத்தினும் அடர்ந்த நிறத்தையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

எச்சரிக்கை

சாயப் பொடி மூச்சில் கலந்தால் சிலருக்கு இரைப்பு உண்டாகும். மூக்கையும் வாயையும் மூடி, கையுறை அணிந்து, காற்று வீசாத இடத்தில் பொடியைக் கையாள்க. சாயமிட்ட பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது. பெயரும் இனமும் குறிக்கப்படாத சாயத்தை வாங்கவேண்டாம். பென்சிடின் அடிப்படையிலான சாயங்கள் புற்றுநோய்க்குக் காரணமாகுமென்று இந்தியாவில் 1990-களில் தடை செய்யப்பட்டன.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. துணியின் எடையளவு உப்பை இட்டோம். அதில் சிறிதும் துணியில் தங்குவதில்லை. அனைத்தும் கழிவுநீருடன் வெளியேறுகிறது. திருப்பூர்ச் சாயச்சாலைகளின் உப்புக் கழிவு நொய்யலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததன் விளைவாக, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சாலைகளை மூடுமாறு ஆணையிட நேர்ந்தது. ஒரு வாளி நீர் ஆற்றைக் கெடுக்காது; எனினும் கிணற்றடியிலும் குளத்திலும் காய்கறித் தோட்டத்திலும் அதனைக் கொட்டுதல் தவறு. கழிவுநீர்க் குழாய் உள்ள இடத்தில் நிறைய நீர் கலந்து அதனுள் விடுக. அவ்வசதியில்லாத ஊரில், கைக்குட்டை அளவான துணியில் மட்டும் செய்து காட்டுதலே போதுமானது.