தண்ணி கேனுக்கு லோகோ எதுக்கு? பெயர் வைப்பதில் தொடங்கி டிரேட்மார்க் வரை... முழு விவரம்!

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், அரியாங்குப்பத்தைத் தாண்டினால் தவளக்குப்பம். இந்தச் சாலையில் காலையில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும், குட்டியானையிலும் டிரை சைக்கிளிலும் 20 லிட்டர் கேன்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். எல்லாமே நீல நிறம். பெரும்பாலான ஸ்டிக்கரில் ஒரு நீர்த்துளி, பின்னால் ஒரு பனிமலை, பெயரில் எங்கேயாவது ஒரு 'அக்வா'. எந்த கேன் எந்த கம்பெனி என்று கேட்டால், கேன் போடும் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

'தண்ணிதானே, இதுக்கு எதுக்கு பிராண்டு?' என்று கேட்கலாம். ஆனால் குடிக்கும் நமக்கும் சரி, லோன் போட்டு பிளான்ட் வைத்திருப்பவருக்கும் சரி, அந்த ஸ்டிக்கரில் நிறைய விஷயம் இருக்கிறது. அதில் என்ன போடலாம், எதைப் போடக்கூடாது, சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தண்ணீருக்கு பிராண்டு ஏன் அவ்வளவு முக்கியம்?

துணி வாங்கினால் தொட்டுப் பார்க்கலாம். மாம்பழம் வாங்கினால் முகர்ந்து பார்க்கலாம். தண்ணீருக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நல்ல தண்ணீரும் கெட்ட தண்ணீரும் பார்வைக்கு ஒரே மாதிரிதான். அதனால் வாங்குபவர் நம்புவது கேன் மேல் இருக்கும் பெயரைத்தான்.

அந்த நம்பிக்கைக்கு என்ன விலை? பிஸ்லெரி கதையே சாட்சி. இத்தாலியப் பெயருடன் 1965-ல் மும்பை அருகே தானேயில் தொடங்கிய இந்த நிறுவனத்தை, 1969-ல் பார்லே குழுமத்தின் ரமேஷ் சவுகான் தரப்பு வாங்கியது. அப்போதைய விலை சுமார் 4 லட்சம் ரூபாய். 2022-ல் இதே பிராண்டை டாடா நிறுவனம் வாங்கப் போகிறது என்ற பேச்சு வந்தபோது, அடிபட்ட தொகை 6,000 முதல் 7,000 கோடி ரூபாய். 2023 மார்ச்சில் அந்தப் பேச்சு நின்றுபோனது வேறு விஷயம். ஆனால் அந்தத் தொகையில் பெரும்பங்கு மிஷினுக்கோ கட்டடத்துக்கோ இல்லை, கடையில் போய் 'ஒரு பிஸ்லெரி கொடுங்க' என்று நாம் கேட்கும் பழக்கத்துக்குத்தான்.

ஆனால் பெயர் பெரிதானால் போலியும் கூடவே வரும். ஒரு எழுத்தை மாற்றி, அதே மாதிரி லேபிள் ஒட்டி விற்பது பஸ் ஸ்டாண்டுகளில் சகஜம். மற்ற கம்பெனிகள் எல்லாம் நீலத்தில் இருக்க, 2006-ல் பிஸ்லெரி தன் லேபிளைப் பச்சை கலந்த நிறத்துக்கு மாற்றியது. 2017-ல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் பெயரை அச்சிடத் தொடங்கியது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவரும் தான் கேட்டது இதுதானா என்று பார்த்து வாங்க இது உதவும்.

நம்ம ஊர் உதாரணம் எது?

2013 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தமிழக அரசு 'அம்மா குடிநீர்' திட்டத்தைத் தொடங்கியது. கும்மிடிப்பூண்டியில் தயாரிப்பு, பஸ் ஸ்டாண்டுகளில் விற்பனை, ஒரு லிட்டர் 10 ரூபாய். பாட்டிலில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவின் படம். ஒரே நாளில் எல்லோருக்கும் பெயர் மனப்பாடம். பிராண்டு என்ற கணக்கில் பார்த்தால் பெரிய வெற்றி.

ஆனால் ஒரு முகத்தோடு ஒட்டிய பிராண்டுக்கு ஒரு சிக்கல் உண்டு. தேர்தல் நடத்தை விதி வந்தால் அந்த முகத்தை மறைக்க வேண்டும். அதே 2013-ல் சென்னையில் விடப்பட்ட சிறிய பஸ்களில் வரையப்பட்டிருந்த இலைகள், அதிமுகவின் இரட்டை இலை போலவே இருப்பதாக எதிர்க்கட்சிகள் பிரச்னை கிளப்பின. 2014 மக்களவைத் தேர்தலின்போது தேர்தல் ஆணையம் அந்த இலைகளை மறைக்கச் சொன்னது.

இதற்கு நேர் எதிர், ரயில்வேயின் 'ரயில் நீர்'. ஐ.ஆர்.சி.டி.சி. 2003-ல் தொடங்கியது. செங்கல்பட்டு அருகே பாலூரிலும் இதன் பிளான்ட் இருக்கிறது. யார் கொடுப்பது, என்ன கொடுப்பது, இரண்டுமே ரெண்டு சொல்லில் முடிந்துவிட்டது. எத்தனை அரசு மாறினாலும் பெயரை மாற்றத் தேவை வரவில்லை.

பெயரில் ஊர்ப் பெயரைச் சேர்க்கலாமா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பாட்டில், கேன் தண்ணீருக்கான உணவுப் பாதுகாப்பு விதிகளில், லேபிளில் எதெல்லாம் கூடாது என்று தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அதன்படி, ஒரு ஊரின் பெயரை பிராண்டு பெயரில் சேர்க்க வேண்டுமென்றால், தண்ணீர் அந்த ஊரிலேயே எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். தவளக்குப்பத்தில் போர் போட்டு எடுத்த தண்ணீருக்கு தவளக்குப்பம் பெயர் வைக்கலாம். வேறு ஊரில் எடுத்துவிட்டு இந்தப் பெயரை வைத்தால் சிக்கல்.

அப்போ பனிமலை படம்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்படிப்பட்டது என்பதில் மக்களைக் குழப்பும் படத்தையும் வாசகத்தையும் இதே விதிகள் தடை செய்கின்றன. போர்வெல் தண்ணீரை ஆர்.ஓ.வில் சுத்தம் செய்துவிட்டு இமயமலையைப் போடுவது, யாராவது புகார் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டிய விஷயம். நோய் தீரும், உடம்புக்கு மருந்து என்றெல்லாம் எழுதவும் அனுமதி இல்லை.

'மினரல் வாட்டர்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. பேச்சில் எல்லா கேனையும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் சட்டத்தில் இயற்கை மினரல் வாட்டர் வேறு, சுத்திகரித்து அடைத்த குடிநீர் வேறு. முதலாவதற்கு ஐ.எஸ். 13428, இரண்டாவதற்கு ஐ.எஸ். 14543 என்று தரநிலையே தனித்தனி. நம் வீட்டுக்கு வரும் கேனில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

'பியூர்', 'ஃபிரெஷ்', 'நேச்சுரல்' மாதிரியான சொற்களை பிராண்டு பெயரில் வைத்து, அது வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்கும் என்றால், 'இது வெறும் பிராண்டு பெயர்தான், பொருளின் தன்மையைக் குறிப்பதல்ல' என்ற அர்த்தத்தில் ஒரு வரியை குறைந்தது 3 மில்லிமீட்டர் அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். 2018-ம் ஆண்டு விதி இது.

வெளிநாட்டில் இப்படி யாராவது மாட்டியிருக்கிறார்களா?

பெரிய கம்பெனிகளே மாட்டியிருக்கின்றன. மலை படத்தோடு வரும் அக்வாஃபினாவின் தண்ணீர், பொதுக் குடிநீர் ஆதாரத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை லேபிளில் தெளிவாகச் சொல்ல 2007-ல் அமெரிக்காவில் பெப்சிகோ ஒப்புக்கொண்டது. 2004-ல் கோகோ கோலா தன் 'டசானி' தண்ணீரை பிரிட்டனில் இறக்கியது. அது லண்டன் பக்கத்து ஊர் ஒன்றின் குழாய்த் தண்ணீரைச் சுத்திகரித்தது என்று செய்தி வந்ததும் கேலி கிளம்பியது. சில வாரங்களில் புரோமேட் என்ற வேதிப்பொருள் அனுமதித்த அளவைத் தாண்டியது தெரிந்து, மொத்த பாட்டிலையும் திரும்பப் பெற்றார்கள். உள்ளே இருப்பது சரியில்லை என்றால் எந்த லோகோவும் காப்பாற்றாது.

ஆயி மண்டபத்தை லோகோவாக வைக்கலாமா?

புதுச்சேரிக்காரர்களுக்கு முதலில் தோன்றும் ஐடியா இதுவாகத்தான் இருக்கும். பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளை மண்டபம், நகருக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டப்பட்டது. தன் மாளிகையை இடித்துவிட்டு அங்கே குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் கதை ஊருக்கே தெரியும். தண்ணீர் கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்குமா?

கதை பொருத்தம்தான். ஆனால் ஆயி மண்டபம் புதுச்சேரி அரசின் சின்னத்திலும் இருக்கிறது. அரசுச் சின்னங்கள், தேசியக்கொடி, காந்தி படம் போன்றவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதை 1950-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டம் தடுப்பதை டிரேட்மார்க்காகவும் பதிய முடியாது. 'இது கவர்மென்ட் தண்ணி போல' என்று யாரும் நினைக்கிற மாதிரி லோகோ இருந்தால் வம்புதான். ஊர் அடையாளம் வேண்டுமென்றால் வேறு எவ்வளவோ இருக்கிறது.

லோகோ எப்படி இருக்கணும்?

கம்ப்யூட்டர் திரையில் அழகாக இருப்பது போதாது. கேன் படும் பாட்டை யோசிக்க வேண்டும். தினமும் உருளும், உரசும், பிளான்ட்டில் கழுவப்படும், வெயிலில் நிற்கும்.

* ஒரே நிறத்தில் அச்சடித்தாலும் தெரிய வேண்டும். ஏழு கலர் லோகோவை கேனில் ஸ்கிரீன் பிரின்ட் செய்தால் செலவு ஏறும்.
* மூடி மேல் ஒட்டும் சீலில் சின்னதாகவும், குட்டியானையின் பக்கவாட்டில் பெரிதாகவும் ஒரே மாதிரி தெரிய வேண்டும்.
* பெயர் தமிழில் பெரிதாக இருக்கட்டும். போனில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒரே தடவையில் புரிய வேண்டும்.
* எல்லோரும் நீலம் என்றால், நீங்கள் வேறு நிறத்தை யோசிக்கலாம்.
* ஸ்டிக்கர் உரிந்துவிடும். கேனிலேயே பெயர் அச்சு இருந்தால், உங்கள் கேனில் வேறு யாரோ தண்ணீர் அடைத்து விற்பதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

இன்னொரு முக்கியமான விஷயம். டிசைனருக்குக் காசு கொடுத்துவிட்டால் லோகோ நமக்குச் சொந்தம் என்று நினைக்கிறோம். வெளியாள் ஒருவர் வரைந்தால், காப்புரிமை பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். அதை உங்கள் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்ட ஒரு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிரேட்மார்க் பதிவது எப்படி?

முதலில், டிரேட்மார்க் பதிவுத்துறை இணையதளத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். இது இலவசம். தண்ணீர் போன்ற பானங்கள் வகை 32-ல் வரும். டெலிவரி சேவை வகை 39. புதுச்சேரிக்கு சென்னை அலுவலகம்தான். தனிநபர், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் ஒரு வகைக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய்.

விண்ணப்பத்தில் ஆட்சேபம் வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் டிரேட்மார்க் இதழில் வெளியிடுவார்கள். நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்கவில்லை என்றால் பதிவு கிடைக்கும். 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

வெறுமனே 'தூய நீர்' என்பது போல பொருளை வர்ணிக்கும் பெயருக்குப் பதிவு கிடைப்பது கஷ்டம். இன்னொருவர் பெயரை லேசாக மாற்றினாலும் எடுபடாது. அமிர்ததாரா என்ற மருந்துக்கும் லக்ஷ்மண்தாரா என்ற மருந்துக்கும் நடந்த வழக்கில், 1962-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடக் கூடாது, அரைகுறையாக ஞாபகம் வைத்திருக்கும் சாதாரண ஆள் குழம்புவாரா என்றுதான் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

தவளக்குப்பம் மாதிரி ஊர்களுக்கு இது ரொம்பவே பொருந்தும். கொஞ்ச தூரம் தெற்கே போனால் கடலூர், அது வேறு மாநிலம். புதுச்சேரியில் நகராட்சியிலோ கொம்யூனிலோ லைசென்ஸ் வாங்கியதால் பெயர் உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. டிரேட்மார்க் நாடு முழுக்கச் செல்லும். இன்னும் பதியவில்லை என்றாலும் பழைய பில், விளம்பர நோட்டீஸ் எல்லாம் பத்திரமாக வையுங்கள். முதலில் பயன்படுத்தியவர் யார் என்பதற்கு அதுதான் ஆதாரம். பதிவு கிடைப்பதற்கு முன்பே, வட்டத்துக்குள் ஆர் எழுத்து போடுவது சட்டப்படி தவறு.

கேன் வாங்கும்போது நாம் எதைப் பார்க்கணும்?

லோகோ அழகாக இருப்பதும் தண்ணீர் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னத்தோடு 14 இலக்க லைசென்ஸ் எண் இருக்கிறதா பாருங்கள். தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், அடைத்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதெல்லாம் அழியாமல் இருக்க வேண்டும். மூடி சீல் பிரிக்காமல் இருக்க வேண்டும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற விதி 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. அடுத்த மாதமே கேன், பாட்டில் தண்ணீரை 'அதிக ஆபத்துள்ள உணவு' பட்டியலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சேர்த்தது. அதாவது ஆய்வும் தணிக்கையும் கூடுதல். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டிருக்கும் கேன் என்றால், மேலே ஐ.எஸ். எண்ணும் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய லைசென்ஸ், உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கேனில் ஒரு பெயர், ஆப்பில் வேறு பெயர் வந்தால், அந்த கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிளான்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். லைசென்ஸ் எண்ணைச் சின்ன எழுத்தில் ஓரத்தில் ஒளித்து வைக்காமல், லோகோவுக்குப் பக்கத்திலேயே பெரிதாகப் போடுங்கள். பனிமலையைப் பார்ப்பதைவிட அதைப் பார்த்தால்தான் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும்.