டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் லென்சும் தேர்ந்தெடுத்தல்: தாமிரபரணிக் கரையை முன்வைத்து

டி.எஸ்.எல்.ஆர். என்பது லென்சைக் கழற்றி மாற்றக்கூடிய எண்ணிமக் கேமரா வகை. லென்சின் வழியே உள்ளே வரும் ஒளியை 45 பாகைச் சாய்வில் நிற்கும் கண்ணாடி ஒன்று மேலே திருப்புகிறது. மேலே உள்ள ஐங்கோணப் பட்டகமோ கண்ணாடித் தொகுப்போ அதைக் கண்ணருகே கொண்டு வருகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி, ஷட்டர் திறந்து, ஒளி சென்சாரில் விழுகிறது. படம் எடுக்கும்போது கேட்கும் 'டக்' ஒலியில் பெரும்பங்கு இந்தக் கண்ணாடியுடையது.

ஒளிப்படம் பழக விரும்பும் ஒருவர் முதலில் கேட்பது பெரும்பாலும் 'எந்தக் கேமரா நல்லது?' என்பதுதான். 'எங்கே, எதை எடுக்கப் போகிறோம்?' என்பதை அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கான விடை லென்சைத் தீர்மானிக்கும். லென்ஸ் எந்த நிறுவனத்தின் கேமரா என்பதைத் தீர்மானிக்கும். கேமரா உடலின் மாடல் எண் கடைசியில் வருவது. கடையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. கையிலிருக்கும் தொகை முழுவதும் உடலுக்கே போய், கூடக் கிடைத்த சிறு லென்சுடன் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுவோர் பலர்.

இதற்கு நெல்லையிலேயே ஒரு முன்னோடி உண்டு. இந்தியக் காட்டுயிர் ஒளிப்படக்கலையின் மூத்தவர்களில் ஒருவரான மா. கிருஷ்ணன் 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர்; 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த அவரது படங்கள் புகழ்பெற்றவை. 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய கருவி எந்தக் கடையிலும் கிடைக்காதது. ஒரு நிறுவனத்தின் கேமரா உடல், வேறொன்றின் தொலைநோக்கு லென்ஸ், பிற உதிரிகள் என்று தாமே பொருத்திச் செய்துகொண்ட அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். யானையையும் காட்டெருதையும் எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கப்போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கேற்பக் கருவி அமைந்தது.

குவியத் தொலைவும் சென்சாரும்

லென்சின் மேல் எழுதியிருக்கும் 18-55 மி.மீ., 50 மி.மீ., 70-300 மி.மீ. போன்ற எண்கள் குவியத் தொலைவைக் குறிப்பவை. எண் சிறிதானால் காட்சி அகலமாகும். பெரிதானால் தொலைவில் உள்ளது அருகே வரும். 'முழுச்சட்டம்' எனப்படும் சென்சாரின் அளவு 36×24 மி.மீ. தொடக்கநிலை, இடைநிலைக் கேமராக்களில் இருப்பது அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்-சி வகை, நிக்கானில் ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ., கேனானில் இன்னும் சற்றுச் சிறியது. சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் பிடிப்பதால், 35 மி.மீ. லென்ஸ் நிக்கானின் சிறிய சென்சாரில் முழுச்சட்டத்தின் 52 மி.மீ. அளவுக்கான காட்சியைத் தரும். கேனானில் 1.6-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். பறவை எடுப்பவருக்கு இது வசதி. கோயில் மண்டபம் எடுப்பவருக்கு இடைஞ்சல்.

குளத்துப் பறவைகள்

நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் ஆகியவற்றுடன் பூநாரைகளும், இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளும் இங்கே காணப்படுகின்றன. எந்த லென்ஸ் தேவை என்பதை இங்கு ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

மஞ்சள்மூக்கு நாரை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். அது 50 மீட்டர் தொலைவில் நிற்கிறது என்று கொள்வோம். சென்சாரின் உயரத்தைக் குவியத் தொலைவால் வகுத்து, பறவையின் தொலைவால் பெருக்கினால் சட்டத்துக்குள் அடங்கும் உயரம் கிடைக்கும். 55 மி.மீ. லென்சில் அது சுமார் 14 மீட்டர். பறவை சட்டத்தில் பதினான்கில் ஒரு பங்கே. 24 மெகாபிக்சல் படத்தின் 4000 புள்ளி உயரத்தில் அதற்கு 280 புள்ளிகள்தாம் கிடைக்கும். 300 மி.மீ. லென்சில் சட்டத்தின் உயரம் 2.6 மீட்டர், பறவைக்கு 1500 புள்ளிகளுக்கு மேல் வரும். 500 மி.மீ. என்றால் 1.56 மீட்டர், பறவை சட்டத்தின் மூன்றில் இரு பங்கை நிரப்பும். 55 மி.மீ. படத்தைக் கணினியில் எவ்வளவு வெட்டிப் பெரிதாக்கினாலும் இல்லாத புள்ளிகள் வந்துவிடாது. கேமரா உடலை மட்டும் விலை உயர்ந்ததாக மாற்றுவதாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

ஆனால் கூந்தன்குளத்துக்கே உரிய ஒரு சலுகை இருக்கிறது. இங்கே பறவைகள் ஊருக்குள், வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. அதனால் கூடுகளை எடுக்க 55-250 அல்லது 70-300 மி.மீ. லென்சே போதும். தண்ணீரின் நடுவே நிற்கும் பூநாரைக்குத்தான் 150-600 போன்ற பெரிய லென்ஸ் வேண்டும். கணக்கு தெரிந்தால் இரண்டையும் பிரித்தறியலாம். அகன்ற குளங்களிலும் நிலைமை இதுவே. தாமிரபரணிப் படுகையில் 2011 முதல் நடந்துவரும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு போன்ற பணிகளில் தொலைவில் உள்ள பறவையை இன்னதென்று உறுதிசெய்யவே படம் பயன்படும். அதற்குக் கலை நயம் வேண்டியதில்லை, அலகும் காலும் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிட விரைவாக இருப்பது நல்லது. லென்சிலுள்ள அதிர்வுக் குறைப்பு வசதி எடுப்பவரின் கை நடுக்கத்தை மட்டுமே சரிக்கட்டும்; சிறகடிப்பை நிறுத்தாது. நெல்லையின் வெயிலில் இந்த வேகம் எளிதில் கிடைக்கும் என்பதால், அதிர்வுக் குறைப்பு இல்லாத கேனான் 400 மி.மீ. எஃப்/5.6 போன்ற பழைய லென்ஸ்கள் இங்கே இன்னும் நன்றாகப் பயன்படுபவை. '1.4 மடங்கு நீட்டிப்பான் வாங்கி 300-ஐ 420 ஆக்கலாம்' என்ற யோசனையைக் கேட்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எஃப்/5.6 லென்ஸ் அப்போது எஃப்/8 ஆகிவிடும். தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர்.களின் தானியங்கிக் குவியம் பலவற்றில் எஃப்/5.6 வரைதான் நம்பகமாக இயங்கும்.

கல் மண்டபங்கள்

நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்கள், திருச்செந்தூர் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரத்தின் நாயக்கர் காலச் சிற்பங்கள் ஆகியவற்றுக்கு முன்னால் 600 மி.மீ. லென்ஸ் வெறும் பாரம். இங்கே சிக்கல் தொலைவில் இல்லை, ஒளியில் இருக்கிறது. லென்சின் துளையைக் குறிக்கும் எஃப் எண் சிறியதாக இருந்தால் ஒளி அதிகம் நுழையும். கேமராவுடன் வரும் 18-55 லென்சின் நீண்ட முனையில் அது எஃப்/5.6, விலை குறைந்த 50 மி.மீ. லென்சில் எஃப்/1.8. இரண்டையும் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ பத்து மடங்கு வேறுபாடு. மண்டபத்தின் உள்ளே நொடியில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் கை நடுங்கி மங்கிய படம், நூறில் ஒரு பங்கு வேகத்தில் தெளிவாகிவிடும். சிறிய சென்சார் நிக்கான் வைத்திருப்போர் 35 மி.மீ. எஃப்/1.8 லென்சை நாடுவது பொருத்தம், 50 மி.மீ. அதில் சற்று நெருக்கமாகிவிடும்.

எஃப்/1.8-இல் குவியம் மெல்லிய ஏடுபோல் இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. சிற்பத்தின் மூக்கு தெளிவாக இருக்க, காதணி மங்கும். முழுச் சிற்பமும் தெளிவாக வேண்டுமானால் எஃப்/8-க்குப் போய், முக்காலியில் நிறுத்தி எடுப்பதே வழி. முக்காலிக்கும் படத்துக்கும் அனுமதி உண்டா என்பதைக் கோயில் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பக்கூடாது. தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பின் கெடுபிடி கூடியிருக்கிறது.

ஆனித் தேரோட்டத்தின்போது ரத வீதியில் கூட்டத்துக்குள் நின்று தேரை முழுதாக அடக்க 10-18 அல்லது 10-20 மி.மீ. அகலக் கோண லென்ஸ் உதவும். அண்ணாந்து எடுத்தால் தேர் பின்னால் சாய்ந்ததுபோல் தெரியும். யாராவது மாடியில் இடம் கொடுத்தால் 18-55-ஏ போதும். லென்சைவிட மாடி மலிவு.

அருவிக்கு

அகத்தியர் அருவியிலோ மணிமுத்தாறு அருவியிலோ நீர் பட்டுநூல்போல் வழியும் படத்துக்குப் புது லென்ஸ் எதுவும் தேவையில்லை. கேமராவுடன் வந்த 18-55, ஒரு முக்காலி, ஒளியைக் குறைக்கும் வடிகட்டி ஆகியவை போதும். அரை நொடி திறந்து வைத்தால் நீர் மென்மையாகும். சாரலிலிருந்து காக்க ஒரு துண்டும் வேண்டும். தொடக்கநிலை உடல்களில் ஈரம் புகாத முத்திரை கிடையாது.

மவுண்ட் என்னும் கட்டு

லென்ஸ் கேமராவில் பொருந்தும் வாய்க்கு மவுண்ட் என்று பெயர். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இலும் கேனானின் இஎஃப் மவுண்ட் 1987-இலும் வந்தவை. ஒன்றின் லென்ஸ் மற்றொன்றில் பொருந்தாது. இரண்டாவது, மூன்றாவது லென்ஸ் வாங்கிய பிறகு நிறுவனம் மாறுவது பெரும் செலவு. வீட்டிலோ நண்பர் வட்டத்திலோ ஏற்கெனவே எந்த மவுண்ட் லென்ஸ்கள் இருக்கின்றன என்று பார்த்து அதே வழியில் போவது பலருக்கும் புத்திசாலித்தனமான தேர்வு. லென்சை இரவல் வாங்க முடியும்.

ஒரே நிறுவனத்துக்குள்ளும் பொறிகள் உள்ளன. கேனானின் இஎஃப் லென்ஸ்கள் எல்லாவற்றிலும் குவிய மோட்டார் லென்சுக்குள்ளேயே இருக்கிறது. நிக்கானில் அப்படியில்லை. பழைய 'ஏஎஃப்-டி' லென்ஸ்களுக்கு உடலில் மோட்டார் வேண்டும். டி7200, டி7500 போன்றவற்றில் அது உண்டு. டி3500, டி5600 போன்றவற்றில் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மி.மீ. ஏஎஃப்-டி லென்சை வாங்கி டி3500-இல் மாட்டினால் கையால்தான் குவிக்க வேண்டியிருக்கும். எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. புதிய 'ஏஎஃப்-பி' லென்ஸ்கள் டி90, டி7000, டி3200 போன்ற பழைய உடல்களில் குவியவே செய்யாது. கேனானில் இஎஃப்-எஸ் லென்ஸ் முழுச்சட்ட டி.எஸ்.எல்.ஆரில் பொருந்தாது.

இன்று டி.எஸ்.எல்.ஆர். வாங்கலாமா

2020-க்குப் பின் கேனானும் நிக்கானும் புதிய டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதையும் வெளியிடவில்லை. இரண்டும் கண்ணாடியில்லாக் கேமராக்களுக்கு மாறிவிட்டன. பறவையின் கண்ணைத் தானே தேடிக் குவிப்பது, எடுக்கும் முன்பே ஒளியளவைத் திரையில் காட்டுவது ஆகியவற்றில் புதியவை மேலானவை. பணம் இருப்பவர் அவற்றை வாங்குவதில் தவறில்லை.

மாணவருக்கு நிலைமை வேறு. பலர் புதியவற்றுக்கு மாறுவதால் நல்ல டி.எஸ்.எல்.ஆர். உடல்களும் லென்ஸ்களும் பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. ஒரு புதிய கண்ணாடியில்லா உடலின் விலைக்குள் பழைய உடல், 70-300, 50 மி.மீ. மூன்றையும் சேர்த்து வாங்கிவிட வாய்ப்புண்டு. ஒளியியல் காட்சிப்பேழை மின்சாரம் குடிக்காததால் மின்கலமும் நீடிக்கும். டி3500-க்கு ஒரு மின்னேற்றத்தில் 1550 படங்கள் என்பது தரப்படுத்தப்பட்ட சோதனை அளவு. மாஞ்சோலைப் பக்கம் நாள் முழுதும் சுற்றுபவருக்கு இது சிறிய விஷயமில்லை. பின்னாளில் புதிய வகைக்கு மாறினால் இடைவளையம் மூலம் பெரும்பாலான லென்ஸ்களைக் கொண்டுசெல்லலாம். மோட்டார் இல்லாத நிக்கான் ஏஎஃப்-டி லென்ஸ்கள் அந்த நிறுவனத்தின் இடைவளையத்தில் தானாகக் குவியாது என்பது மட்டும் விதிவிலக்கு.

பழையதை வாங்கும்போது

உடலின் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதை, அதில் எடுத்த படக்கோப்பைக் கணினியில் படிக்கும் மென்பொருள்களால் பல நிக்கான் மாடல்களில் அறியலாம். டி3500-இன் ஷட்டர் 1,00,000 முறைக்கும், டி7500-இனுடையது 1,50,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. அந்த எண்ணைத் தாண்டியதும் கேமரா நின்றுவிடும் என்பதில்லை; விலை பேச அது ஒரு பிடி. திருமணங்களுக்கு ஓடிய கேமரா வெளியே பளபளப்பாக இருந்தாலும் எண்ணிக்கை உண்மையைச் சொல்லிவிடும். அடுத்து, எஃப்/16-இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரில் உள்ள தூசியும் எண்ணெய்ப் புள்ளியும் தெரியும்.

லென்சில் தேட வேண்டியது பூஞ்சை. துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து கைவிளக்கு அடித்து முன்பக்கம் சாய்வாகப் பார்த்தால், சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரியும். உள் கண்ணாடியில் அது இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுவது நல்லது. முன் கண்ணாடியில் ஒன்றிரண்டு கீறல் இருப்பது பெரும்பாலும் படத்தில் தெரியாது. விலை குறையக் காரணமாவதால் வாங்குபவருக்கு லாபமே.

மொத்தத் தொகையையும் முதல் நாளே செலவிட வேண்டியதில்லை. 18-55 லென்சுடன் சில மாதம் எடுத்த பின், கோப்புகளில் பதிந்திருக்கும் குவியத் தொலைவைப் பார்த்தால் எடுப்பவரின் நாட்டம் தெரிந்துவிடும். பெரும்பாலான படங்கள் 55-இலேயே நின்றால் அவருக்குத் தொலைநோக்கு லென்ஸ் வேண்டும். 18-இல் குவிந்தால் அகலக் கோணம். 150-600 போன்றவற்றை வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். ஏறத்தாழ இரண்டு கிலோ எடையைக் கையில் பிடித்துக் குளக்கரையில் இரண்டு மணி நேரம் நின்ற பின் சிலரின் ஆசை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் படமெடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். சரணாலயத்துக்குள் ஒளிப்படம் எடுப்பதற்கான அனுமதி 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. மலையிலிருந்து ஈரத்தோடு இறங்கிய கேமராவைப் பையிலேயே மூடி வைத்தால் பூஞ்சைக்கு அதுவே வீடாகும். வெளியே எடுத்துத் துடைத்து, காற்றாட உலர்த்தி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்க வேண்டும். நிறம் மாறும் வகை ஜெல்லானால், அது நிறம் மாறும்போது புதிதாகப் போட வேண்டிய நேரம் தெரிந்துவிடும்.