முள் சொல்லும் கோளாறு

உதைத்து உதைத்துக் கால் கடுத்தும் பழைய பாயின்ட் மாடல் புல்லட் கிளம்பவில்லையா? ஹெட்லைட்டுக்கு மேலுள்ள ஆம்மீட்டரே பாதி மெக்கானிக். (அதுவே செத்திருந்தால் வேறு கதை!)

விளக்கை அணைத்து, சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தினால் முள் ஆடவேண்டும். பாயின்ட் மூடும்போது காயிலில் மின்சாரம் ஓடுகிறது; முள் மைனஸ் பக்கம் சாய்கிறது. திறந்ததும் நடுவுக்கு வருகிறது. அந்தக் கணத்தில் காந்தப்புலம் சட்டென்று சரிவதால்தான் பேட்டரியின் சில வோல்ட், பல ஆயிரம் வோல்ட்டாகிப் பிளக்கில் பொறி பறக்கிறது.

முள் அசையவே இல்லையென்றால் பேட்டரி முனையில் பூத்த உப்பு, ஃபியூஸ், கரி படிந்த பாயின்ட்.

சாய்ந்த முள் மீளாவிட்டால்? பாயின்ட் திறக்கவில்லை, இடைவெளி சுமார் 0.4 மி.மீ. வேண்டும். முள் ஒழுங்காக ஆடியும் பொறியில்லையென்றால் கண்டென்சரைப் பார்க்கலாம். அது பழுதானால் தீப்பொறி பாயின்ட்டிலேயே சிதறிவிடும், பிளக்குக்கு மிஞ்சாது. விலை கூடிய காயிலைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.