வீட்டுக்குள் வரும் குளியலறை

லயத்தில் வளர்ந்தவர்களுக்குக் குளியலறை என்று ஓர் அறை இருந்ததில்லை. குளிப்பது பீலியில். கக்கூசு லயத்துக்குக் கீழே, கான் ஓரத்தில். முகம் கழுவுவது இஸ்தோப்பு விளிம்பில், வாளித் தண்ணீரில். மூன்று வேலைக்கும் மூன்று இடம், மூன்றும் திறந்த வெளியில். மார்கழிக் குளிரில், விடியற்காலை ஐந்து மணிக்கு, நெஞ்சுக்கு மேல் பாவாடையைக் கட்டிக்கொண்டு பீலித் தண்ணீருக்குக் கீழே நின்ற பெண்களுக்கு அந்தக் குளிரும் தெரியும், அந்தக் கூச்சமும் தெரியும். கதவுள்ள ஒரு குளியலறை நம் வீடுகளுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

இப்போது அந்த அறை வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. இந்திய உதவியில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கென்று முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். முதல் 4,000 வீடுகளில் ஒவ்வொன்றும் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி. வலப்பனைப் பக்கம் இராகலை, அல்கரனோயா, உடப்புசல்லாவ தோட்டங்களில் பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைத்து அனுப்பும் காசில் லயத்துக்குப் பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு வகைக் குடும்பத்திடமும் மேசன் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: "பாத்ரூம் எப்படி வேணும்?"

வீட்டுப் பிளேன்களில் முழுக் குளியலறை, முக்கால் குளியலறை, அரைக் குளியலறை என்று பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். இது அமெரிக்கக் கணக்கு. கொமட், கை கழுவும் பேசின், ஷவர், படுத்துக் குளிக்கும் தொட்டி என்று நான்கு பொருளை வைத்துக்கொண்டு, நான்கும் இருந்தால் முழு, தொட்டி இல்லாவிட்டால் முக்கால், கொமட்டும் பேசினும் மட்டும் என்றால் அரை. படுக்கை அறைக்குள்ளிருந்தே வாசல் வைத்தால் அட்டாச் பாத்ரூம். நம் ஊரில் தொட்டிக்கு இடமும் இல்லை, அதை நிரப்பத் தண்ணீரும் இல்லை. ஆகவே அந்தக் கணக்கின்படி நம் குளியலறைகள் எல்லாமே முக்கால்தான். அதனால் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை.

நாம் முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறு. கக்கூசும் குளிக்கும் இடமும் ஒரே அறையா, இரண்டு அறையா?

பெரும்பாலானவர்கள் ஒரே அறை என்று சொல்லிவிடுகிறார்கள், டவுனில் பார்த்ததை வைத்து. நான் இரண்டு என்பேன். காலை ஆறு மணியை நினைத்துப் பாருங்கள். அம்மா பிரட்டுக்குப் போக வேண்டும், அப்பா பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம், ஒரு பாட்டி. ஒருவர் பதினைந்து நிமிடம் குளித்தால் மற்ற நான்கு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பாட்டியால் நிற்க முடியாது. தனித்தனியாக இருந்தால் ஒருவர் குளிக்கும்போதே இன்னொருவர் கக்கூசுக்குப் போய் வந்துவிடுவார். பேசினை இரண்டுக்கும் வெளியே, நடையில் வைத்தால் மூன்றாவது ஆள் அங்கே பல் துலக்கலாம்.

இடம் அதிகம் போகுமே என்பார்கள். கணக்குப் பார்ப்போம். சேர்ந்த அறைக்கு 5 அடிக்கு 7 அடி, அதாவது 35 சதுர அடி வேண்டும். பிரித்தால் கக்கூசு 3க்கு 4, குளியல் 4க்கு 5, மொத்தம் 32. கூடுதல் செலவு நடுவில் ஒரு சுவரும் இன்னொரு கதவும். பிரித்ததில் இன்னொரு நன்மை, கக்கூசின் தரை காய்ந்தே இருக்கும். வயதானவர்கள் ஈரத் தரையில்தான் வழுக்கி விழுகிறார்கள். டைல்ஸ் போடுவதானால் இரண்டு அறைக்கும் சொரசொரப்பானதாக எடுங்கள், கடையில் மின்னுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஒரே அறைதான் கட்ட முடியும் என்ற நிலையிலும் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கக்கூசு என்றால் அதை எந்தப் படுக்கை அறையோடும் சேர்க்காதீர்கள். அட்டாச் என்பது இரண்டாவது குளியலறைக்கு உரிய சொகுசு. இருப்பது ஒன்று, அதற்கு வழி மகனும் மருமகளும் படுக்கும் அறைக்குள்ளே என்றால் ராத்திரியில் யாரும் நிம்மதியாகப் போய்வர மாட்டார்கள்.

வெளியே பழைய கக்கூசு நன்றாகவே இருக்கிறது, முழுதாகக் கட்டக் காசில்லை என்கிறவர்களுக்குத்தான் அந்த அரைக் குளியலறை உதவும். பாட்டி படுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு கொமட், ஒரு பேசின், அவ்வளவு போதும். மழையில் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு பாசி பிடித்த படியில் இறங்குகிற வேலை அவருக்கு மிச்சம்.

இனி குந்துவதா, கொமட்டா. கக்கூசு என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப்போனது. இருந்தாலும் குந்தியிருக்கிற பழக்கம் நம்முடையது. குந்தும் வகையில் தொடை எதிலும் படாது, கழுவுவது சுலபம், விலையும் குறைவு. தண்ணீரும் குறைவாகத்தான் வேண்டும், தட்டுப்பாடுள்ள லயங்களுக்கு அது முக்கியம். தண்ணீர் நிற்கும் வளைவு ஆழமில்லாத, சரிவான வகையில் இரண்டு லீட்டர் ஊற்றினால் போதும், கொமட்டின் தொட்டி ஒரு இழுப்புக்கு ஆறு முதல் ஒன்பது லீட்டர் வரை குடிக்கும். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தையும் ஈயையும் மேலே வரவிடாமல் அடைப்பது. அதை வற்றவிடக் கூடாது. ஆனால் நாற்பது வருடம் கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏற்றமும் இறக்கமும் நடந்த முழங்கால் குந்தாது. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் கொமட்தான், அதோடு சுவரில் ஒரு பிடிகம்பி. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால் உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

சுடுதண்ணீர் இல்லாமல் நம் ஊரில் குளியலறை கட்டுவதில் அர்த்தமில்லை. விறகடுப்பில் காய்ச்சுகிற வீடென்றால் குளியலறை அடுப்படிக்கு அடுத்த சுவரில் இருக்கட்டும். கொதிக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு சின்னப் பிள்ளைகள் ஓடும் வீட்டைக் கடக்கக் கூடாது. கரண்ட் ஹீட்டர் மாட்டுவதானால் அதற்குத் தனி வயரும், எர்த்தும், ட்ரிப் சுவிட்சும் கட்டாயம். லயத்தின் பழைய வயரிங் அந்தச் சுமையைத் தாங்காது. காஸ் ஹீட்டரை மூடிய குளியலறைக்குள் வைக்கவே வேண்டாம். எரியும்போது வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும்.

அறையைப் பற்றி இவ்வளவு யோசிப்பவர்கள் குழியைப் பற்றி யோசிப்பதில்லை. மலைநாட்டில் அதுதான் பெரிய விஷயம். மலக்குழியின் முதல் அறையில் கெட்டி அடியில் தங்கும், இரண்டாவது அறையில் தண்ணீர் இன்னும் தெளியும், அங்கிருந்து உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்கும். குளிக்கும் தண்ணீரையும் சமையலறைத் தண்ணீரையும் இதற்குள் விடாதீர்கள். அந்த வெள்ளம் தெளிய நேரம் கொடுக்காமல் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். அதைத் தனிக் கானில் விடலாம், வாழைக்கு நல்லது.

சமதரையில் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் பெரும்பாலும் போதும். இங்கே மேடு எது, பள்ளம் எது என்றும் பார்க்க வேண்டும். மேட்டு லயத்தின் உறிஞ்சுகுழிக்கு நேர் கீழே பணிய லயத்தின் பீலி இருந்தால், மேலே ஊற்றியது கீழே குடிதண்ணீரில் வரும். வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் நெருப்புக்காய்ச்சலும் பரவுகிற வழிகளில் இதுவும் ஒன்று. குழி வெட்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2007 ஜனவரி மழையில் வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தவிலும் மலை சரிந்து உயிர்கள் போனதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நனைந்து ஊறிய மண்தான் சரிகிறது. வீட்டுக்காக வெட்டிய மண் அணையின் விளிம்பில் உறிஞ்சுகுழி தோண்டினால், மழை இல்லாத நாளிலும் அந்த இடத்தை நாமே நனைத்துக்கொண்டிருக்கிறோம். சரிவான காணியென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் வீட்டுக்கு மண்சரிவு அபாயம் உண்டா என்று கேட்கும்போதே குழிக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

குழி நிரம்பினால் அதை உறிஞ்சி எடுக்க வரும் கலி பவுசர் எங்கே நிற்கும் என்பதையும் பாருங்கள். ரோட்டிலிருந்து எண்பது படி கீழே உள்ள வீட்டுக்கு அதன் குழாய் எட்டாது. அப்படிப்பட்ட இடங்களுக்கு இரட்டைக்குழி முறை இருக்கிறது. 1970ல் பிந்தேஷ்வர் பாடக் தொடங்கிய சுலப் இயக்கம் இதை இந்தியாவில் பரப்பியது. ஒரு குழி நிரம்பியதும் வழியை மற்றதற்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை இரண்டு வருடம் மூடிவைத்தால் உள்ளே இருப்பது மக்கி எருவாகிவிடும். மழைக்காலத்தில் ஊற்று ஏறுகிற நிலத்துக்கு மட்டும் இது சரிவராது.

கடைசியாக, பின்வாசலில் ஒரு குழாய். நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம், கீழே சிமெந்துத் தளம், உட்கார ஒரு சின்னத் திட்டு. மலையிலிருந்து திரும்பும் அம்மா படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கால் சேற்றைக் கழுவி, விரலிடுக்கில் ஒட்டிய அட்டையை எடுக்க அங்கேதான் உட்காருவார். எந்தப் பிளேனிலும் இதை வரைந்து நான் பார்த்ததில்லை. சிமெந்து கலக்குமுன் மேசனிடம் வாயால் சொல்லிவிடுங்கள்.